செட்டிப்புடவிலிருந்து எர்ஸ்கின் மருத்துவமனை வரை

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையில் இடப்புறம் பிரிந்தால் கீழக்குயில்குடி வந்துவிடும். மலையடியில் அய்யனார் கோயில், அதன் முன்னே தாமரைக் குளம். படியேறிச் சற்றுச் சுற்றிச் சென்றால் செட்டிப்புடவு. குகையின் வாயிலருகே பாறையில் பெரிதாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். நீண்ட காதுகளைக் கண்ட ஊர்மக்கள் அவரைச் செட்டியாராக்கிவிட்டார்கள், குகைக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மலையின் மறுபக்கம், சுனையை ஒட்டிய பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகப் பல திருமேனிகள். அவற்றின் கீழே கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டுகள். ஒன்று அச்சணந்தி என்னும் புகழ்பெற்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியைக் குறிக்கிறது. துறவியின் பெயர் தமிழ்நாட்டுச் சமணக் குன்றுகள் பலவற்றில் காணப்படுகிறது. துறந்து போன மகனின் பெயரைச் சொல்லித் தன்னை அடையாளப்படுத்திக்கொள்ளும் தாய் இங்கே மட்டும் நிற்கிறாள்.

இக்கல்வெட்டுகளைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. நான் எழுத விரும்புவது வேறொன்றைப் பற்றி. மலையின் மேலே விளக்குத்தூண் அருகே பிற்காலக் கன்னடக் கல்வெட்டு ஒன்றிருக்கிறது. மூலசங்கத்துத் துறவிகள் சிலரின் பெயர்களைச் சொல்லும் அக்கல்வெட்டு, இம்மலைக்கும் கன்னட நாட்டுக்கும் இருந்த உறவுக்குச் சான்று. அந்த உறவின் மறுமுனையில் இருக்கும் சிரவணபெளகொளாவில், ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டு தொடங்கி, உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தவர்களின் கல்வெட்டுகள் பாறை முழுவதும் பரவிக் கிடக்கின்றன. தமிழ்நாட்டிலும் இவை உண்டு. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் சந்திரணந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்த இடத்தை ஒரு கல்வெட்டு குறிக்கிறது. வட்டெழுத்தின் தோற்றத்தை ஆராய்பவர்களுக்கு அது ஓர் எழுத்தியல் ஆவணம். அதே குன்றில் இளையபடாரர் 30 நாள் நோற்றதைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கிறது. இத்தகைய நினைவிடத்துக்கு நிசீதிகை என்று பெயர்.

ஐம்பத்தேழு நாள். இந்த எண்ணைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டுமென்று ஏன் தோன்றியது? இறந்த நாளைச் சொல்லாமல், எடுத்துக்கொண்ட காலத்தைச் சொல்வானேன்? சமண நூல்களைப் பார்த்தால் ஒருவாறு விளங்கும். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் (தமிழில் அருங்கலச்செப்பு இதனை அடியொற்றியது) சல்லேகனைக்கு உரிய சந்தர்ப்பங்களாகத் தீர்க்கமுடியாத இடர், பஞ்சம், முதுமை, நோய் ஆகியவற்றைச் சொல்கிறது. நோன்பு ஏற்பவர் முதலில் பற்றையும் பகையையும் விட வேண்டும். உறவினரிடமும் மற்றவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும், தானும் மன்னிக்க வேண்டும். துயரம், அச்சம், மனச்சோர்வு இவற்றிலிருந்து நீங்க வேண்டும். அதன் பிறகே திட உணவை விட்டு நீருணவுக்கும், அதை விட்டு வெந்நீருக்கும் படிப்படியாகச் செல்லலாம். இதற்கான குற்றங்களின் பட்டியலில்தான் வியப்பு இருக்கிறது. இன்னும் வாழ வேண்டுமென்று ஏங்குவது குற்றம். விரைவில் இறந்துவிட வேண்டுமென்று விரும்புவதும் அதே அளவு குற்றம். பூஜ்யபாதர் இதற்குச் சொல்லும் உவமை ஒரு வணிகனுடையது. வீட்டில் தீப்பிடித்தால் வணிகன் முதலில் வீட்டைக் காக்கவே முயல்வான். முடியாதபோதுதான் உள்ளிருக்கும் பொருள்களையாவது காப்பான். விருப்பு, வெறுப்பு, மயக்கம் இவற்றால் உந்தப்பட்டுத் தன்னை அழித்துக்கொள்பவனே தற்கொலை செய்தவன் என்று அவர் பிரிக்கிறார்.

இந்தப் பிரிவினையை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். முதுமையும் நோயும் ஏழ்மையும் சேர்ந்த ஒருவரைச் சமூகமே பட்டினிக்குத் தள்ளிவிட்டு அதற்கு நோன்பென்று பெயர் சூட்டும் வாய்ப்பு எக்காலத்திலும் உண்டு. ஆனால் நூலாசிரியர்களின் அளவுகோல் எது என்பதைக் கவனிக்க வேண்டும். துயரம் இருக்கிறதா, அவசரம் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையே அவர்கள் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். துயரத்தோடு வருபவனை, அவசரத்தோடு வருபவனை, குருவானவர் திருப்பி அனுப்ப வேண்டும். ஐம்பத்தேழு என்ற எண் அவசரமின்மைக்கான சாட்சியம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சங்க காலத்து வடக்கிருத்தல் வேறு வகை. வெண்ணிப் போரில் புறப்புண் பட்ட பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்தான். கோப்பெருஞ்சோழன் பெற்ற பிள்ளைகளோடு ஏற்பட்ட பகையால் வடக்கிருந்தான். பாண்டிநாட்டுப் பிசிராந்தையார் நேரில் காணாத நண்பனுக்காக வந்து உடனிருந்தார். இவை மானமும் நட்பும் சார்ந்த சாவுகள். சமணக் குருவின் கேள்விகளுக்கு இவர்களில் ஒருவரும் தேறியிருக்கமாட்டார்கள். இவர்களைப் பாடி வளர்ந்த மரபு நம்முடையது. பள்ளிப் பாடத்தில் பிசிராந்தையாரை நட்பின் இலக்கணமாக மட்டுமே படித்தோம், ஒரு சாவு இன்னொரு சாவை அழைத்த கதையாகப் படித்ததில்லை.

அப்படிப் படிக்கத் தொடங்கினால் சிலப்பதிகாரத்தின் மதுரை மிகவும் கலவரமூட்டும் ஊராகிவிடுகிறது. கோவலன் கொலையுண்டபின் நிகழும் மரணங்களை எண்ணிப் பாருங்கள். பாண்டியன் அரியணையிலேயே விழுந்து இறக்கிறான், கோப்பெருந்தேவி உடன் இறக்கிறாள். அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறியதாக எண்ணிய ஆயர்குல மாதரி நள்ளிரவில் தீப்புகுகிறாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பில் உயிர்விடுகிறார். கவுந்தி சமணத் துறவி, இளங்கோவும் சமணரென்றே மரபு சொல்கிறது. ஆயினும் கவுந்தியின் நோன்பு நூல்கள் விதித்த நோன்பாக இல்லை. என்னோடு வந்து சேர்ந்ததால்தானோ இவர்களுக்கு இந்த விதி நேர்ந்தது என்று தன்னையே குற்றம்சாட்டிக்கொண்ட பிறகே அவர் உணவைத் துறக்கிறார். விதிமுறை அறிந்த ஒருவர் விதிமுறைக்குப் புறம்பான காரணத்துக்காக அதே வடிவத்தைக் கைக்கொள்கிறார். இளங்கோ இதைக் கண்டிக்கவில்லை, புகழவுமில்லை. சொல்லிவிட்டு நகர்கிறார்.

இச்செய்திகளைச் சேரன் செங்குட்டுவனுக்கு எடுத்துரைப்பவன் மாடலன் என்னும் மறையவன். அவன் கங்கைக்கரையில் இருப்பதற்கே ஒரு காரணமுண்டு. மதுரையில் நடந்ததைப் புகாருக்குச் சென்று சொன்னான். கேட்ட கோவலனின் தாய் இறந்தாள், கண்ணகியின் தாய் இறந்தாள். தந்தையர் இருவரும் துறவு பூண்டனர். தன் வாய்ச்சொல் கேட்டுப் பிறர் இறந்தனர் என்பதனால் அந்தப் பாவம் போக்கக் கங்கையாட வந்ததாக மாடலன் கூறுகிறான். கெதேயின் வெர்தர் நாவல் 1774-ல் வெளிவந்து, அதைப் படித்த இளைஞர்கள் நாயகனைப் பின்பற்றுவதாக ஐரோப்பாவில் அச்சம் எழுந்தது. 1974-ல் அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ், செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வரும் தற்கொலைச் செய்திகளுக்குப்பின் தற்கொலைகள் கூடுவதைக் கணக்கிட்டுக் காட்டி, அதற்கு வெர்தர் விளைவு என்று பெயரிட்டார். செய்தி சொல்பவனுக்கும் பொறுப்புண்டு என்பதை உணர்ந்து நெடுவழி நடந்த முதல் செய்தியாளன் நம் இலக்கியத்தில் மாடலன்தான். இன்றைய தொலைக்காட்சிகள் கங்கைக்குப் போக வேண்டாம், செய்முறை விளக்கத்தை மட்டுமாவது நிறுத்தினால் போதும்.

மணிமேகலையில் வரும் ஆதிரையின் கதையும் இங்கே நினைவுகொள்ளத்தக்கது. கடலில் கணவன் சாதுவன் இறந்தான் என்ற பொய்ச்செய்தி கேட்டு அவள் தீயில் இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை. தீயும் சுடாத பாவியானேனே என்று கலங்கும்போது, அவன் உயிரோடிருக்கிறான், திரும்பி வருவான் என்று அசரீரி சொல்கிறது. வருகிறான். கற்பின் மகிமைக்காகச் சொல்லப்பட்ட கதைதான். ஆனால் தோற்றுப்போன முயற்சிக்கும் அடுத்த நாளுக்கும் இடையே ஒரு குரல் வந்து சேர்ந்ததால் பிழைத்த பெண்ணின் கதையாகவும் அது நிற்கிறது.

இனி மலையை விட்டு நகருக்குள் வரலாம். வைகையின் வடகரையில் 1940-ல் திறக்கப்பட்டு, சென்னை மாகாண ஆளுநராயிருந்த எர்ஸ்கின் பிரபுவின் பெயர் சூட்டப்பட்ட மருத்துவமனை, பின்னாளில் அரசு இராசாசி மருத்துவமனை ஆயிற்று. 1954-ல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அங்கே மனநல மருத்துவராகவும் பேராசிரியராகவும் பணியாற்றிய அ. வெங்கோபராவ், 1965-ல் இந்திய மனநல மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். எர்ஸ்கின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட, தற்கொலைக்கு முயன்று பிழைத்த 114 பேரைப் பற்றிய ஆய்வு அது. அடுத்த ஆண்டு கணபதியும் வெங்கோபராவும் சேர்ந்து மதுரையில் நிகழ்ந்த தற்கொலைகளைப் பற்றி எழுதினர். இந்தியாவில் இத்துறையின் முன்னோடி ஆய்வுகள் இவை. இன்றும் உலக ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் மதுரை என்ற ஊர்ப்பெயர் இடம்பெறுவது பெரும்பாலும் இவற்றால்தான். மீனாட்சி கோயிலும் சித்திரைத் திருவிழாவும் பற்றி மலை மலையாக எழுதிக் குவித்திருக்கும் நாம் இந்த மனிதரைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதவில்லை என்பது என் ஆதங்கம்.

இந்த 114 பேரையும் சட்டம் எப்படிப் பார்த்தது என்பதை மறந்துவிடக்கூடாது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 309-ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை விதித்தது. சட்டத்தைக் கொடுத்த இங்கிலாந்து 1961-லேயே தன் நாட்டில் இக்குற்றத்தை நீக்கிவிட்டது. இங்கே நீடித்தது. பிழைத்துக் கண்விழித்தவரின் கட்டிலருகே மருத்துவருக்குமுன் காவலர் வந்து நிற்கும் நிலை. ஆகவே குடும்பத்தார் எல்லோருக்கும் தெரிந்த ஒரே பதில், தவறுதலாக நடந்துவிட்டது என்பது. பொய் சொல்லியே தீர வேண்டிய நோயாளியிடம் மருத்துவர் உண்மையைக் கேட்க வேண்டும். சமண ஆசிரியர்கள் கேட்ட துயரம், அவசரம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் 309-ஆம் பிரிவில் இடமில்லை. முயன்றாயா இல்லையா என்பது மட்டுமே அதற்கு வேண்டும். அத்தகைய சூழலில் 114 பேரிடம் பேசிக் கட்டுரை எழுதுவது என்பது எத்தனை பொறுமையான வேலை என்று எண்ணிப் பார்க்கிறேன்.

வெங்கோபராவின் அக்கறைகள் பரந்தவை. முதியோர் மனநலம், மனச்சோர்வு, பண்டை இந்திய நூல்களில் மனநோய் பற்றிய செய்திகள் எனப் பலவற்றை எழுதினார். நார்மன் ஃபார்பரோ 1975-ல் தொகுத்த, பல்வேறு பண்பாடுகளில் தற்கொலை பற்றிய நூலில் இந்தியாவைப் பற்றிய இயலை எழுதியவர் அவரே. 1964-ல் எண்ணச் சுழற்சி நோயாளிகளுக்கு வேலியம் மருந்தைக் கொடுத்துச் சோதித்ததைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓ.சி.டி. என்று இப்போது எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்லும் நோய்தான் இது. வேலியம் அன்று புதிய மருந்து. இந்நோய்க்கான சிகிச்சை பின்னர் வேறு மருந்துகளுக்கும், அஞ்சும் சூழலில் நோயாளியை நிறுத்திச் சடங்கைச் செய்யவிடாமல் பழக்கும் முறைக்கும் நகர்ந்துவிட்டது.

எண்ணச் சுழற்சி நோயைப் பற்றிப் பேசும்போது மீண்டும் கவுந்தி நினைவுக்கு வருகிறார். மதுரைக்குப் புறப்படும்போது கையில் மயிற்பீலியோடு வரும் அவர், சோலை வழியே போனால் உதிர்ந்த பூவிலிருக்கும் வண்டுகள் மிதிபடும், வயல் வழியே போனால் நண்டும் நத்தையும் மிதிபடும் என்று எச்சரிக்கிறார். தெரியாமல் யாரையோ மிதித்துவிட்டோமோ, இடித்துவிட்டோமோ என்று வந்த வழியே திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் நோயாளியை மனநல மருத்துவர்கள் நன்கறிவார்கள். ஃபிராய்ட் 1907-ல் சமயச் சடங்குகளையும் இந்நோயின் செயல்களையும் ஒப்பிட்டு எழுதினார். ஒப்புமை எளிது, வேறுபாடே முக்கியம். துறவி பீலியால் தரையை நீவிவிட்டு அமர்ந்துவிடுவார். நோயாளியால் அமர முடியாது. செய்து முடித்தோம் என்ற நிறைவு அவருக்குக் கிட்டுவதே இல்லை. கவுந்தியை நோயாளி என்று சொல்வது அபத்தம். ஆனால் தன்னால்தான் தீங்கு நேர்ந்தது என்ற எண்ணம் ஒருவரை எங்கே கொண்டுசெல்லும் என்பது அவர் கதையிலும் இருக்கிறது.

இந்நோயாளிகள் தற்கொலை செய்துகொள்வது அரிது என்றே மருத்துவ நூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. தம்மைக் காயப்படுத்திக்கொள்வோமோ என்ற எண்ணம் அவர்களை அலைக்கழிக்கும், ஆனால் அது விருப்பமன்று, அச்சம். ஆகவே ஆபத்தில்லை என்பது வாதம். முதற்பாதி சரி. பிற்பாதி தவறென்று 2017-ல் சுவீடனின் தேசியப் பதிவேடுகளைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியது. பொதுமக்களோடு ஒப்பிட இவர்கள் தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்து மடங்கு. அச்சத்தையும் விருப்பத்தையும் பிரித்தறியும் வேலை மறுபடியும் எதிரே அமர்ந்து கேட்பவரின் தலையில் விழுகிறது.

மதுரைக்குப் பிந்தைய தமிழ்நாட்டு ஆய்வுகளில் சிலவற்றையாவது சொல்ல வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரத்தில் ஒவ்வோர் இறப்பையும் வீடுதேடிச் சென்று விசாரித்தனர். 10 முதல் 19 வயது வரையான பெண்களில் ஆண்டுக்கு இலட்சத்துக்கு 148 பேர், ஆண்களில் 58 பேர் தற்கொலையால் இறப்பதாக 2004-ல் வெளியான அவர்களது கட்டுரை சொன்னது. காவல்துறைக் கணக்கில் காணாத பெண்கள் இவர்கள். 309-ஆம் பிரிவும் குடும்ப மானமும் சேர்ந்து மறைத்தவர்கள்.

சென்னையில் 1986-ல் லட்சுமி விஜயகுமார் சிநேகா அமைப்பைத் தொடங்கினார். யாரும் வந்து பேசலாம், தொலைபேசியில் அழைக்கலாம், கேட்பவர் அறிவுரை சொல்லமாட்டார். பின்னர் உலக சுகாதார நிறுவனம் காம்பினாஸ், சென்னை, கொழும்பு, ஈரானின் கராஜ், சீனத்தின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில், முயன்று பிழைத்த 1,867 பேரைக்கொண்டு ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியினரோடு, வீடு திரும்பும் முன் ஒரு மணிநேரப் பேச்சு. பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ, எப்படி இருக்கிறீர்கள் என்ற விசாரிப்பு. விலையுயர்ந்த மருந்து எதுவுமில்லை. 2008-ல் முடிவு வெளியானது. முதல் பிரிவில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தனர், இரண்டாம் பிரிவில் 0.2. ஆதிரைக்கு ஒருமுறை ஒலித்த அசரீரி இவர்களுக்கு ஒன்பது முறை.

அவசரத்தைப் பற்றிய கண்டுபிடிப்பும் இங்கிருந்தே வந்தது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் லட்சுமி விஜயகுமாரின் குழு, இரண்டு கிராமங்களில் உழவர்களின் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கட்டடத்தில் பூட்டுப்பெட்டிகளில் வைக்கச் செய்து, வேறிரண்டு கிராமங்களோடு ஒப்பிட்டது. 2013-ல் அறிக்கை வந்தது. பூட்டைத் திறக்க நடந்து போகும் தூரமே பலரைக் காப்பாற்றிவிடுகிறது, ஏனெனில் சாகும் விருப்பம் பலருக்குச் சில நிமிடங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. இலங்கை இன்னும் பெரிய அளவில் இதைச் செய்தது. 1995-லும் 1998-லும் மிகக் கொடிய நச்சு வகைகளை நாடு முழுவதும் தடைசெய்தது. அடுத்த பத்தாண்டுகளில் அங்கே தற்கொலை வீதம் பாதியாகக் குறைந்தது. தற்கொலை முயற்சி குற்றமென்ற சட்டத்தையும் இலங்கை 1998-ல் நீக்கிவிட்டது.

நாம் அதற்கு இன்னும் நெடுங்காலம் எடுத்துக்கொண்டோம். 1994-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 309-ஆம் பிரிவு செல்லாதென்றனர், 1996-ல் கியான் கௌர் வழக்கில் ஐவர் அமர்வு செல்லுமென்றது. 2015 ஆகஸ்டு 10-ல் இராசத்தான் உயர் நீதிமன்றம், சமணரின் சந்தாரா நோன்பும் இப்பிரிவின்கீழ் தற்கொலையே என்று தீர்ப்பளித்தது. பூஜ்யபாதர் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய மறுப்பு நீதிமன்றத்தில் எடுபடவில்லை. சமணர்கள் ஊர்வலம் போனார்கள். அதே மாதம் 31-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது, அவருக்குச் சிகிச்சையளிப்பது அரசின் கடமை என்றது. துயரம் என்ற சொல்லுக்கு நிகரானது சட்டத்துக்குள் நுழைந்தது அப்போதுதான். 2022-ல் டெலிமானஸ் என்ற பெயரில், 14416 என்ற எண்ணில், தமிழிலும் பேசக்கூடிய இலவச மனநலத் தொலைபேசிச் சேவையை அரசு தொடங்கியது. 2024 சூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309-க்கு இணையான பிரிவே இல்லை.

முழுவதும் இல்லை என்றும் சொல்ல முடியாது. அதன் 226-ஆம் பிரிவு, அரசு ஊழியர் ஒருவரைக் கடமையாற்றும்படியோ ஆற்றாதபடியோ கட்டாயப்படுத்தும் நோக்கோடு தற்கொலைக்கு முயல்வதை மட்டும் குற்றமாக வைத்திருக்கிறது. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது சமூக சேவை. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளோடு விருதுநகரில் 1956 சூலை 27-ல் உண்ணாநோன்பு தொடங்கிய சங்கரலிங்கனார், அக்டோபர் 13-ல் மதுரை அரசினர் மருத்துவமனையில் உயிர்விட்டார். எர்ஸ்கின் பிரபுவின் பெயர் தாங்கிய, வெங்கோபராவ் பின்னர் தம் 114 பேரைக் கண்ட அதே மருத்துவமனை. சங்கரலிங்கனாரின் நோன்பு வடக்கிருத்தலா, சல்லேகனையா, 226-ஆம் பிரிவா? அவர் கேட்ட பெயர் 1969 சனவரி 14-ல் நடைமுறைக்கு வந்தது.